பிராந்துக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது இரண்டு தலைப்புகள் தந்தார். ஒன்று, குழந்தைகளின் போசாக்கு. மற்றது, "நீர் அங்கை பிராந்து வளர்க்கிறீராமே, அதைப் பற்றி." போசாக்குப் பற்றிப் பேசுவதற்கு இந்த மண்டபத்திலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஆகவே பிராந்து.

நான் வசிப்பது அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியில். வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் வேலை. மற்ற நேரத்தில், காட்டிலிருந்து பிடித்த ஒரு வேட்டைப்பறவையைப் பழக்கி, அதனோடு சேர்ந்து முயல் வேட்டைக்குப் போகிறேன். ஆங்கிலத்தில் ஃபால்கன்ரி என்பார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்த உங்கள் உறவினர்கள், கையில் வல்லூறோடு நிற்கும் ஷேக்குமாரைக் கண்டிருப்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் இதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். 2010இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பழமை அவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது அனுமதிப்பத்திரம் எடுத்த கதையை.

அமெரிக்காவில் ஒரு பருந்தை மட்டுமல்ல, அது உதிர்த்த இறகையும் எடுத்து வீட்டில் வைத்திருக்க முடியாது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தில் உள்ள ஒரு சின்னக் கதவுதான் இந்த அனுமதிப்பத்திரம். ஹவாய் தவிர்ந்த 49 மாநிலங்களிலும் அது கிடைக்கும். படிகள் மூன்று: பயிலுநர், பொதுத்தரம், ஆசான். பயிலுநராக நுழைவதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும், ஒரு ஸ்பொன்சர் வேண்டும், பறவைக்குக் கட்டிய கொட்டிலை அரச அதிகாரி வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வேட்டைக்கான அனுமதிப்பத்திரமும் அதற்குரிய வகுப்பும் வேறு. பிறகு குறைந்தது இரண்டு வருடம் பயிலுநராகவே இருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பரீட்சை எங்களுக்கு ஒரு விடயமா? இந்தக் கல்லூரியில் படித்த எவருக்கும் பரீட்சை என்றால் கை தானாகவே குறிப்பு எடுக்கத் தொடங்கிவிடும். நூற்றுக்கு எண்பது எடுத்தால் சித்தி. பறவை இனங்களை அடையாளம் காணுதல், சட்டம், உணவு, நோய் என்று கேள்விகள் வரும். நோய்ப் பகுதி எனக்குப் பழகிய வீடு மாதிரி. ஈரலிப்பான கூட்டில் நுரையீரலைப் பிடிக்கும் அஸ்பர்ஜிலஸ் பூஞ்சணம். புறாவைத் தின்பதால் தொண்டையில் வரும் ஒட்டுண்ணி. பொருத்தமில்லாத இருக்கைக் கட்டையில் நாள் முழுவதும் இருந்தால் உள்ளங்காலில் வரும் புண். இந்தப் பாதப்புண் எங்கள் நீரிழிவுக்காரரின் கால் புண் போலவேதான். சின்னச் சிவப்பாகத் தொடங்கும், கவனிக்காவிட்டால் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி எலும்புவரை போய்விடும்.

படிக்கும்போது என்னை நிறுத்தி வைத்தது டி.டி.ரி. பற்றிய அத்தியாயம். எங்கள் மருத்துவக் கல்வியில் டி.டி.ரி. ஒரு நல்ல பிள்ளை. இலங்கையில் வீடு வீடாக அதைத் தெளித்துத்தான் மலேரியாவை விரட்டினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. தெளிப்பதை நிறுத்திய பிறகு 1968இல் அது பெருந்தொற்றாகத் திரும்பி வந்தது. இது எங்களுக்கு மனப்பாடம். அதே காலத்தில் வட அமெரிக்காவில் அதே மருந்தை வயலிலும் தோப்பிலும் தெளித்தார்கள். பூச்சியைத் தின்ற சிறு பறவைகளில் சேர்ந்து, அவற்றைத் தின்ற வல்லூறுகளின் உடலில் அது குவிந்தது. முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை உடைந்தது. 1960களின் நடுப்பகுதியில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடுகட்டும் வல்லூறு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1972இல் அங்கே டி.டி.ரி.யைத் தடை செய்தார்கள். ஆனால் தடை செய்தால் இல்லாத பறவை திரும்பி வருமா? கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரொம் கேட் என்ற பேராசிரியர் 1970இல் பெரிகிரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, வல்லூறுகளைக் கூட்டில் இனம்பெருக்கிக் காட்டில் விட்டார். அவரும் வேட்டைப்பறவை வளர்த்தவர்தான். இனம்பெருக்கத் தேவையான பறவைகளையும் கைப்பழக்கத்தையும் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் அவரைப் போன்ற வளர்ப்பாளர்களே. 1999இல் அந்த இனத்தை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சிகிரியாக் குன்றில் கூடுகட்டும் ஷாஹீன் வல்லூறும் இதே இனத்தின் உறவுதான். அடுத்த முறை அங்கே போனால் ஓவியங்களோடு நின்றுவிடாமல் அண்ணாந்தும் பாருங்கள். நான் டி.டி.ரி.க்கு எதிராளி இல்லை. மலேரியாவில் பிள்ளையைப் பறிகொடுக்கும் தாய்க்கு முன்னால் வல்லூறு முட்டையை வைத்துப் பேச எனக்கு வாய் வராது. வீட்டுச் சுவரில் தெளிப்பது ஒன்று, ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆகாயத்திலிருந்து கொட்டுவது இன்னொன்று. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித் தந்தது மருத்துவப் புத்தகம் அல்ல, பருந்து வளர்ப்பவர்களின் பரீட்சைப் புத்தகம்.

பரீட்சை முடிந்தது. ஸ்பொன்சர்தான் கிடைக்கவில்லை.

ஸ்பொன்சர் என்றவுடன் இங்கே பலருக்குக் கனடா நினைவு வந்திருக்கும். கிட்டத்தட்ட அதேதான்: உங்களுக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுக்க வேண்டும். பொதுத்தரத்தில் குறைந்தது இரண்டு வருட அனுபவம் உள்ளவராக அவர் இருக்க வேண்டும். எந்த இனம் உங்களுக்குப் பொருத்தம், அதை எப்படிப் பழக்குவது, சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்தான் வழிகாட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. எனக்கு ஒருவரைத் தேடிப்பிடிக்கப் பதினொரு மாதம் எடுத்தது. ஒருவர், இரவுக்கடமை செய்யும் வைத்தியருக்குப் பறவை சரிவராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயமான கேள்விதான்.

கடைசியில் கிடைத்தவர் எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற தச்சர். அவர் என் பட்டங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும், அதற்கு முன் வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பாய் என்று மட்டும் கேட்டார். என் கடமைப் பட்டியலைக் காட்டினேன். அதை மாற்றிக்கொண்டு வா என்றார். மாற்றினேன். விடிகாலைக் கடமைகளை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் எழும்ப விரும்பாத சகவைத்தியர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிறகும் அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் அவருடைய பருந்துக்கு முன்னால் பற்றை தட்ட விட்டார். முழங்காலளவு பனியில், முட்பற்றைக்குள் தடியோடு இறங்கி, முயலைக் கிளப்பிவிடுவதுதான் என் வேலை. நாற்பது வயதில், நிபுணத்துவப் பட்டத்தோடு, பற்றை தட்டுபவள்!

அடுத்தது கொட்டில். பறவைக்கு வெயில் வர ஒரு திறப்பாவது இருக்க வேண்டும், மழையும் காற்றும் படக்கூடாது, நாயோ நரியோ புக முடியாதபடி அடைத்திருக்க வேண்டும். கம்பிகள் நெடுக்காக, பறவையின் உடம்பைவிடக் குறைந்த இடைவெளியில் இருக்க வேண்டும். குறுக்குக் கம்பியோ வலையோ இருந்தால் இறகு ஒடியும். குளிக்கத் தட்டம், காலில் கட்டும் தோல் வார்கள், திருகாமல் சுழலும் கொளுவி, 15 கிராம் வித்தியாசத்தைக் காட்டும் தராசு, எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். பிறகு அதிகாரி வருவார்.

அதிகாரி சீருடையில் வந்தார். இடுப்பில் துப்பாக்கி. அமெரிக்காவில் அது வழமை. ஆனால் இந்த மண்டபத்தில் என் வயதுள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சீருடைக்காரர் வீட்டு வாசலில் நின்று "உள்ளே பார்க்க வேண்டும்" என்றால் எங்களுக்கு எங்கே வியர்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாஸ் எடுக்கவும் அடையாள அட்டை காட்டவும் வரிசையில் நின்றே பள்ளிக்கூடக் காலத்தைக் கழித்தவர்கள் நாங்கள். அவர் அளவுநாடாவை எடுத்துக் கம்பிகளின் இடைவெளியை அளந்தார். இருக்கைக் கட்டையைத் தடவிப் பார்த்து, போதிய சொரசொரப்பு இருக்கிறது என்றார். மத்தியான வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டார். இன்னும் பிடிக்கப்படாத ஒரு பறவைக்குக் கால் வலிக்கக்கூடாது என்பதற்காக அரசாங்கம் ஒரு மனிதரைச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அவர் போன பிறகு நான் கொட்டில் படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசியில் பறவை பிடிக்கப் போனோம். நான் பிடித்தது செவ்வால் பருந்து. காட்டில் பிடிப்பதென்றால் பயிலுநர் ஒரு வயதுக்கு உட்பட்ட பறவையைத்தான் எடுக்கலாம். இந்த இனத்தின் வால் முதல் வருடத்தில் கபில நிறமாகத்தான் இருக்கும், சிவப்பு அடுத்த வருடம்தான் வரும். ஆகவே வாலைப் பார்த்தே வயதைச் சொல்லலாம். வாழ்ந்து காட்டிய, குஞ்சு பொரிக்கும் பறவைகளைத் தொடக்கூடாது என்பது இந்த விதியின் நியாயம். முதல் குளிர்காலத்தைத் தாண்டாமலே இளம் பருந்துகளில் பாதிக்கு மேல் செத்துப் போகின்றன. நாங்கள் பிடிப்பது அந்தக் கூட்டத்திலிருந்துதான்.

பொறியின் பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். "பால் சத்ரி." இந்துஸ்தானிச் சொல், மயிர்க்குடை என்று பொருள். கம்பிவலைக் கூட்டுக்குள் ஒரு எலி பத்திரமாக இருக்கும். மேலே முழுவதும் சிறு சிறு சுருக்குகள். முன்பு இந்தியப் பிடிகாரர்கள் குதிரைமயிரில் முடிந்த சுருக்கை இப்போது தங்கூசியில் முடிகிறார்கள். எலியைப் பிடிக்க இறங்கும் பருந்தின் விரல் சுருக்கில் மாட்டும். எங்கள் கரையோரப் பிள்ளைகளிடம் கொடுத்தால் என்னைவிட நன்றாக முடிந்திருப்பார்கள். எலிக்கு ஒன்றும் நேராது, பயத்தைத் தவிர.

கிடைத்தது பெண் பறவை, 1240 கிராம். பத்து நாளுக்குள் அரசின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். என் மகள் அவளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தாள். தினைப்புனத்தில் பறவை விரட்டியவளின் பெயரைப் பறவைக்கே வைத்துவிட்டாயே என்று அம்மா தொலைபேசியில் சிரித்தார்.

பிறகு ஐந்து வாரம், ஒவ்வொரு நாளும் நிறை பார்ப்பதுதான் வேலை. பசி இல்லாத பறவை திரும்பி வராது. அதிகம் பசித்த பறவை பலவீனப்பட்டுச் சாகும். இரண்டுக்கும் நடுவில் சில பத்துக் கிராம்தான் இடைவெளி. குறைமாதக் குழந்தைகளைத் தினமும் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் எனக்கு இந்தப் பதற்றம் பழக்கமானது. வள்ளி 1100இல் நன்றாகப் பறந்தாள். குளிர் கூடிய நாட்களில் 1120 வேண்டியிருந்தது. முதலில் கையுறையிலிருந்து தின்றாள், பிறகு ஒரு பாகம் தாவி வந்தாள், பிறகு நீள நூலில் முப்பது மீற்றர். ஒரு நாள் ஸ்பொன்சர் நூலைக் கழற்றச் சொன்னார். சின்ன வானொலிக் கருவி ஒன்று காலில் இருக்கும். அது எங்கே இருக்கிறாள் என்று காட்டுமே தவிர, இழுத்து வராது. விசிலடித்தேன். ஓக் மரத்திலிருந்து இறங்கி வந்து கையில் இருந்தாள். நாய் மாதிரி அன்பினால் அல்ல. பருந்துக்கு அன்பு என்று ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. என்னோடு நிற்பது அவளுக்கு லாபம், அவ்வளவுதான். அந்த ஒப்பந்தத்தை ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அவள் முறித்துக்கொள்ளலாம்.

கொலை விடயத்தை மறைத்துவிட்டுப் போக முடியாது. நாங்கள் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் வீடு. "பிள்ளை, உயிரைக் காப்பாத்தப் படிச்ச நீ முயலைக் கொல்லப் போறியே?" என்று அம்மா கேட்டார். பருந்து நான் இல்லாவிட்டாலும் முயலைத்தான் தின்னும் என்றேன். அவள் பிடித்த முயலின் வேதனையைச் சீக்கிரம் முடித்துவைப்பது என் பொறுப்பு, அதில் தாமதிக்கக்கூடாது என்பதும் படிப்பில் ஒரு பகுதி என்றேன். அம்மாவுக்கு இன்றுவரை முழுத் திருப்தி இல்லை. எனக்கும் சில நாட்களில் இல்லை.

சித்திரையில் வள்ளியை நன்றாகத் தீற்றி, 1300 கிராமுக்குக் கொண்டுவந்து, கால்வாரை வெட்டி, பிடித்த இடத்துக்குக் கிட்டவே விட்டோம். அது என் முதல் வருடம்.

இரண்டாவது வருடம் கிடைத்தவன் ஆண் பறவை, சின்னவன், கெட்டிக்காரன். தை மாதத்தில் ஒரு நாள் பனிப்புயலுக்கு முன் எழுந்த காற்றில் ஏறிப் போனான். மூன்று நாள் கருவியோடு தேடினோம், சமிக்ஞை இல்லை. பறக்கவிடும்போது கட்டும் வாரில் துளை இருக்காது, கிளையில் சிக்காது. ஆகவே பிழைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் இன்னொன்று பிடிக்க முயன்றோம், கிடைக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு வருடத்துக்கு வருகிறேன். பயிலுநர் பொதுத்தரத்துக்கு உயர வேண்டுமென்றால், ஒவ்வொரு வருடமும் குறைந்தது நான்கு மாதம் பறவையை வைத்துப் பராமரித்து, பழக்கி, வேட்டையாடியதாக அனுபவமுள்ள ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்தப் பள்ளியின் பாடநெறியும் எந்தக் கல்வியும் இந்த இரண்டு வருடத்தைக் குறைக்காது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நான் பங்குனியில் படிவத்தை எடுத்துக்கொண்டு ஸ்பொன்சரிடம் போனேன். அவர் சுவர் நாட்காட்டியை இறக்கி, பென்சிலால் ஒவ்வொரு நாளாக எண்ணினார். 97 நாள். படிவத்தை மடித்து என்னிடமே தந்தார்.

பறவை போனது காற்றினால் அல்லவா, இதில் என் பக்கம் என்ன குறை என்று கேட்டேன். குறை என்று யார் சொன்னது, நாள் போதாது என்றுதான் சொல்கிறேன் என்றார். கார் வரையில் கூடவே வந்து, ஐப்பசியில் பொறியைக் கொண்டு வா என்றார்.

வாழ்நாள் முழுவதும் பரீட்சையால் முன்னேறியவள் நான். இந்தக் கல்லூரி எங்களை அதற்குத்தான் தயார் செய்தது, அதற்காக நன்றியோடு இருக்கிறேன். இடம்பெயர்ந்து போன இடத்திலும் மரத்தடியில் மாதிரி வினாத்தாள் செய்தவர்கள் நாங்கள். ஆனால் கெட்டித்தனத்தால் தாண்ட முடியாத ஒரு வேலி அன்றுதான் எனக்கு முன்னால் இருந்தது. அதைப் போட்டவர் ஒரு தச்சர். அவருக்கு இதனால் ஒரு சதம் லாபமில்லை. இரக்கப்பட்டு 97ஐ 120 ஆக்கியிருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. என்னிடம் பயிலும் இளம் வைத்தியர்களின் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது இப்போதெல்லாம் நானும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

மூன்றாவது வருடம் 151 நாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுப் பனையில் உள்ள பிராந்துக் குஞ்சை எடுத்து வளர்க்கப் புறப்படாதீர்கள். எங்கள் நாட்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தராது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பார்க்க ஆசையென்றால் ஒரு தொலைநோக்கி போதும், அதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டாம்.

இப்போது நான் பொதுத்தரத்தில் இருக்கிறேன். மூன்று பறவை வைத்திருக்கலாம். ஒன்றுக்கு மேல் என்னால் பார்க்க ஏலாது, ஆகவே ஒன்றுதான். வரும் வைகாசியோடு எனக்கு இரண்டு வருடம் முடிகிறது. அதன்பின் நானும் ஒருவருக்கு ஸ்பொன்சராக இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வயது குறைவு என்பதால் தாயும் கையெழுத்திட வேண்டும்; தாய் இன்னும் யோசிக்கிறார். பரீட்சைக்குப் படிக்கிறேன் அன்ரி என்று அந்தப் பிள்ளை வந்து நின்றது. படி, ஆனால் மார்கழியில் பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.